திடப்படுத்தலுக்குப் பின் எங்கே போகிறார்கள் நம் பிள்ளைகள்?

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவில்லை. தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனையில் வெள்ளை உடுத்தி, பேராயர் முன் முழங்காற்படியிட்டு, முதல் நற்கருணை வாங்கும்வரை ஒழுங்காக வருகிறார்கள். அதன் பிறகு பதினொன்றாம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை நீட் பயிற்சி, வெளியூர்க் கல்லூரி என்று ஒவ்வொருவராக நம் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். கைபேசியையும் காலத்தையும் குறை சொல்லி நாம் இதைக் கடந்துவிடக் கூடாது என்று, 14 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

வாலிபரை ஈர்க்க டிரம்ஸ் வாங்கினோம், திரை வைத்தோம்; அவற்றில் தவறில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, இரண்டாம் முறையும் மருத்துவ இடம் கிடைக்காத ஒரு பிள்ளை, பாமாலைப் புத்தகத்தின் முனையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள்: "ஹால் டிக்கெட்ட பீடத்துல வச்சு எல்லாரும் ஜெபம் பண்ணீங்க. கிடைக்கலன்னதும் ஒருத்தரும் எங்கிட்டப் பேசல. எனக்கு விசுவாசம் பத்தலையா சார்? இத யார்ட்ட கேக்கணும்?"

அந்தக் கேள்வியைக் கேட்க நம் ஆலயத்தில் ஓர் இடம்கூட இல்லை. பிரசங்கத்தில் நாம் பேசுகிறோம். வாலிபர் கூட்டத்தில் வேதாகம வினாடி வினா நடத்தி, மோசேயின் மாமனார் பெயர் என்ன என்று அங்கேயும் நாம்தான் கேட்கிறோம்.

அதன்பின் வாலிபர் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்கள் கேள்வி கேட்கவும் நாங்கள் செவிகொடுக்கவும் உட்காரத் தொடங்கினோம். மூன்று வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான்காம் வாரம் ஒரு தம்பி, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் ஏன் சாதி பார்க்கிறீர்கள் என்று கேட்டான். அது பாவம்தான், நாங்களும் அதற்கு உடந்தை என்று ஒப்புக்கொள்வதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அந்தக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

கேட்பதோடு பொறுப்பும் அவர்கள் கைக்கு வர வேண்டும். இது நம் மண்ணுக்குப் புதியதன்று. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாக முன்னின்றபோது அவருக்கு 28 வயது. உள்நாட்டுச் சபை தன் சொந்தக் காணிக்கையால், தன் சொந்த ஊழியர்களைக் கொண்டு நற்செய்தி அறிவிக்க வேண்டும் என்ற பெருங்காரியத்தை அன்றைய பெரியவர்கள் அந்த வயதுக்காரரோடு சேர்ந்து செய்தார்கள். இன்று 28 வயதுப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது அசனப் பந்தியில், அதாவது சபை விருந்தில், பரிமாறும் வேலையும், ஆண்டுக்கு ஒரு வாலிபர் ஞாயிறும்தான். கணக்கு வாசிக்கும்போதும் காணிக்கையை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும்போதும் அவர்கள் அங்கே இருப்பதில்லை.

சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டிக்கான அடுத்த தேர்தலில் நிற்க எண்ணியிருக்கும் பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களில் இரண்டு பேர் ஒதுங்கி, 25 வயதுக்கு உட்பட்ட ஒரு தம்பிக்கும் ஒரு தங்கைக்கும் அந்த இடங்களை விட்டுக்கொடுங்கள்.