கால்தெரோனுக்கு மெட்டுப் போட்டவர்

ஸ்பெயின் நாடகம் என்றாலே நாடகாசிரியர் கால்தெரோன் பெயரைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் அவர் வரிகளுக்கு மெட்டுப் போட்ட ஹுவான் இடால்கோவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாகவே மனத்தாங்கல்.

1614-இல் மாட்ரிட்டில் பிறந்து 1685-இல் அங்கேயே இறந்தவர். அரண்மனைத் தேவாலயத்தில் ஹார்ப் (நம்ம யாழ் மாதிரி விரலால் மீட்டும் தந்திக் கருவி) வாசிப்பதுதான் அவருடைய வேலை.

பிரான்சோடு நடந்த நீண்ட போர் முடிந்து, ஸ்பெயின் இளவரசிக்கும் பதினான்காம் லூயிக்கும் கல்யாணம் நடந்த 1660-இல்தான் கால்தெரோனும் இடால்கோவும் சேர்ந்து 'செலோஸ் ஆவுன் தெல் ஐரே மாத்தன்' என்ற ஓபராவை, அதாவது பாடியே நடிக்கும் நாடகத்தை, செய்தார்கள். பொறாமை காற்றின் மேல் வந்தாலும் கொல்லும் என்று பொருள். இன்று முழு இசையோடு நம்மிடம் இருக்கும் ஸ்பானிய ஓபராக்களில் இதுதான் மூத்தது. வேட்டையாடிக் களைத்தவன் 'ஆவுரா, வா' என்று இளங்காற்றைக் கூப்பிடுகிறான். ஆவுரா ஒரு பெண்ணின் பெயரும்கூட. மறைந்து நின்று கேட்ட மனைவி துடித்துப் போகிறாள். இலை அசைவதைப் பார்த்து ஏதோ விலங்கு என்று அவன் ஈட்டியை எறிய, அவளே செத்து விழுகிறாள். இதில் கிட்டத்தட்ட எல்லா வேடங்களையும், ஆண் வேடங்கள் உட்பட, நாடகக் குழுப் பெண்களே பாடினார்கள்!

ஒரே மெட்டு சரணத்துக்குச் சரணம் திரும்பி வருவதால் அலுப்பாக இருக்கிறது என்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெட்டு மாறாமல் நிற்க, சொல் மட்டும் மாறிக்கொண்டே போகும்போதுதான் ஒருத்தி இன்னொருவர் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது காதில் விழுகிறது. அதே ஆண்டில் இருவரும் செய்த 'லா பூர்புரா தெ லா ரோசா'வுக்கு இடால்கோ போட்ட இசை கைக்கு வரவே இல்லை. அந்த நாடகத்துக்கு 1701-இல் பெருவின் லிமாவில் தொர்ரெஹோன் என்ற இசையமைப்பாளர் அமைத்த இசைதான் இருக்கிறது, அதில் இடால்கோவின் மெட்டுகள் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

'செலோஸ்' பிழைத்ததே அதிர்ஷ்டம். மாட்ரிட்டில் முதல் அங்கத்தின் பிரதி மட்டும்தான் கிடைத்தது, மூன்று அங்கங்களும் போர்ச்சுகலின் எவோரா நகரில் இருந்தன. அந்தப் பிரதிகளிலும் குரலுக்கு ஒரு இசை வரி, அடியில் துணையாக ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மீதியை வாசிப்பவர்களே நிரப்ப வேண்டும். அப்புறம் என்ன, வயலின், மேளம் என்று அடுக்கிக் குரலையே மூழ்கடித்துவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து ஹார்ப்பையும் கிதாரையும் முன்னால் வையுங்கள். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தது ஹார்ப்தான்.