மணிக்கணக்கை வைத்து அடிமை என்று சொல்லாதீர்கள்

வேறொரு ஆளாக வேடம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாமே போதைதான் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் பாம்பனில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதெல்லாம் அக்கா மகன் ராத்திரியில் ஜிடிஏ என்ற வீடியோ கேமில், ஆளுக்கொரு வேடம் போட்டு ஆடும் ரோல்பிளே சர்வரில் ஆம்புலன்ஸ் டாக்டர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அண்ணே, பயப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று மலேசியாவில் இருக்கும் யாரோ ஒருவரிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசுவான். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை! அவன் அப்பா தவறியபோது தினமும் கூப்பிட்டு ஆறுதல் சொன்னதும் அந்தக் கூட்டம்தான். தடை முடிந்தால் படகேறிவிடுகிறான். இதில் எங்கே அடிமைத்தனம்?

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, சரி. ஆனால் அது மணிக்கணக்கைப் பேசவில்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்றதெல்லாம் பின்னால் போவது, கெடுதல் தெரிந்தும் விடாமல் ஆடுவது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. அப்படிச் சாப்பாட்டையும் தொழிலையும் விட்ட பிள்ளைகளும் உண்டு. அந்த வீட்டார் போனைப் பிடுங்கி உடைக்காமல் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.