ரஸ்புடினை விடுங்கள், அந்தப் பையனைக் காட்டுங்கள்

பிரார்த்தனையால் நோய் தீர்ப்பவர் என்று பேர் வாங்கிய ரஷ்யச் சாமியார் ரஸ்புடினைப் பற்றி யார் நாடகம் எடுத்தாலும் முதலில் வருவது அந்தக் கண்கள்தான். அப்புறம் தாடி, குடி, பெண்கள், கடைசியில் விஷம் கலந்த கேக். எல்லாம் பார்த்து முடித்த பிறகும், போக்ரோவ்ஸ்கோயே என்ற சைபீரியக் கிராமத்து விவசாயிக்கு ரஷ்ய அரண்மனையின் கதவு 11 ஆண்டுகள் எப்படித் திறந்தே இருந்தது என்பது மட்டும் விளங்குவதில்லை.

காரணம் அலெக்ஸி. ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கோலஸுக்கு நான்கு பெண்களுக்குப் பிறகு 1904இல் பிறந்த ஒரே ஆண் வாரிசு. அவனுக்கு ஹீமோஃபிலியா, ரத்தம் உறையாத நோய். தாய்வழியில் வந்தது. அரசி அலெக்ஸாண்ட்ராவின் அண்ணன் ஒருவனும் தாய்மாமன் ஒருவரும் இதற்கே பலியானவர்கள். மகனைப் பார்க்கும்போதெல்லாம் 'என்னால்தானே' என்று அவள் நொந்திருக்க மாட்டாளா?

1912இல் போலந்தின் ஸ்பாவாவில் சிறுவன் சாகக் கிடந்தான். சாகப்போகிறவர்களுக்குச் செய்யும் கடைசிப் பிரார்த்தனைகூட முடிந்துவிட்டது. அப்போது ரஸ்புடினிடமிருந்து தந்தி: பிள்ளை பிழைப்பான், மருத்துவர்கள் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பிள்ளையும் தேறினான். தற்செயல் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாயிடம் போய் அதைச் சொல்ல யாரால் முடியும்?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இந்த நோயை நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். அதனால் மக்கள் கண்ணில் பட்டதெல்லாம், எங்கிருந்தோ வந்த ஒருவன் அரசியைப் பார்க்கப் போகிறான் என்பதுதான். மீதியை வதந்தி எழுதிக்கொண்டது. 1915இல், முதல் உலகப் போரின் நடுவே, ஜார் நிக்கோலஸ் படைக்குத் தலைமை ஏற்று மொகிலேவில் இருந்த தலைமையகத்துக்குப் போன பிறகு, ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு பிரதமர்கள். எல்லாப் பழியும் ரஸ்புடின் மேல்.

பேரரசை அவர்தான் கவிழ்த்தார் என்பதை நான் ஏற்கவில்லை. 1916 டிசம்பரில் அவரைக் கொன்றவர்கள் முடியாட்சியைக் காப்பாற்றத்தான் கொன்றார்கள். மூன்றே மாதத்தில் ஜார் முடி துறந்தார். போரும் ரொட்டிக்கான வரிசையும் ரஸ்புடினோடு சாகவில்லையே!

விஷக் கேக் கதையைப் பரப்பியதும் கொன்றவர்களில் ஒருவரான யூசுப்போவ்தான். கொலையாளி தன் கொலையைப் பற்றி எழுதியதைத்தான் இத்தனை படங்களும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கின்றன. 1932இல் ஹாலிவுட் நிறுவனம் எம்.ஜி.எம். எடுத்த ரஸ்புடின் படத்தில் தன்னைக் களங்கப்படுத்திவிட்டார்கள் என்று அவர் மனைவி இரினா லண்டனில் வழக்குப் போட்டு வென்றார். 'யாவும் கற்பனையே' என்று படங்களில் அறிவிப்புப் போடும் வழக்கம் பரவியதே அதற்குப் பிறகுதான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையை பியர் ஜில்லியார் வழியாகச் சொல்ல வேண்டும். இளவரசிகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். நாள்தோறும் அந்தக் குடும்பத்தோடு பழகியவருக்கே சிறுவனுக்கு என்ன நோய் என்பது பல ஆண்டுகள் தெரியாது. அந்த மௌனம் எப்படிக் காக்கப்பட்டது, அதற்கு யார் யார் உடந்தை என்று காட்டினால் போதும். ரஸ்புடின் நான்கு காட்சிகளில் வந்து போகட்டும்.