அந்த ஸ்லெட்ஜ் வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

வட்ஸ்அப்பில் வந்தது, மெசஞ்சரில் வந்தது, ஊர்ச்சங்கக் குழுவிலும் வந்துவிட்டது. எந்த வீடியோ என்று விளக்கத் தேவையில்லை. சுவிஸ் மலையொன்றில் பிஸ்டேக்கு, அதாவது ஸ்கீ ஓடுகிற பனிச்சரிவுக்கு, நடுவில் நிற்கிற இந்தியக் குடும்பம், ஸ்லெட்ஜோடு (பனியில் சறுக்குகிற மர வண்டி) போய்ப் பாதுகாப்பு வலையில் மோதுகிற தகப்பன், பின்னால் சிரிக்கிற குரல். பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் சுவிஸில் இருக்கிற எங்கட தமிழ் ஆக்கள். "இதுகளையெல்லாம் ஏன் மேலே விடுகிறார்கள்" என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஸ்லெட்ஜ் அவர் கைக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மும்பையிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தாரா? வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். காசை வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தபோது ஒரு நிமிடம் செலவழித்து ஓட்டுகிற விதத்தைச் சொன்னார்களா?

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மர ஸ்லெட்ஜில் பிரேக் என்று ஒரு பாகமே கிடையாது. உங்கள் சப்பாத்துத்தான் பிரேக். நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க இரண்டு உள்ளங்காலையும் இரண்டு பக்கமும் தட்டையாகப் பனியில் அழுத்த வேண்டும். பயத்தில் எல்லாரும் குதிக்காலைத்தான் குத்துவார்கள். குத்தினால் பனி தெறித்து முகத்தில் அடிக்கும், கண் தெரியாது. இடது பக்கம் திரும்ப இடது காலை அழுத்தி உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். அவசரமாக நிற்பாட்டுவதென்றால் இரண்டு காலையும் அழுத்தியபடி ஸ்லெட்ஜின் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். முன்னால் பிள்ளை இருந்தால் முன்பக்கத்தைத் தூக்க முடியாது, பாரமும் கூட, ஆகவே நிற்க எடுக்கிற தூரமும் கூடும். வெயில் படாத பக்கத்தில் காலையில் பாதை ஐஸாக இறுகியிருக்கும். வழுவழுப்பான அடியுள்ள ஸ்னீக்கரோடு அதில் இறங்கினால் என்ன அழுத்து அழுத்தினாலும் நிற்காது.

வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். தகப்பன் குதிக்காலைக் குத்துகிறார். காலில் கான்வாஸ் சப்பாத்து. அதே கவுண்டரில் பனிச்சப்பாத்தும் வாடகைக்கு இருந்திருக்கும். "இந்தக் காலோடு தர மாட்டேன்" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு ஸ்லெட்ஜ் வாடகை போய்விடுமே!

"ஆனால் அவர்கள் பிஸ்டேயில் நின்றது பிழைதானே" என்று கேட்பீர்கள். பிழைதான். ஸ்லெட்ஜுக்குத் தனிப்பாதை உண்டு, ஸ்கீ பிஸ்டேக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. நடந்து ஏறுகிறவரும் இறங்குகிறவரும் பிஸ்டேயின் ஓரத்தால்தான் போக வேண்டும். 1967-இல் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் போட்ட பத்து விதிகளில் அது ஏழாவது. ஆறாவது, ஒடுக்கமான இடத்திலும் மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்திலும் நிற்காதே என்கிறது. சரி. மூன்றாவதையும் வாசியுங்கள்: பின்னால் வருகிறவர்தான் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராமல் தன் வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். மேலிருந்து கத்திக்கொண்டே வருகிற சுப்பர் ஜாக்கெட்காரருக்கும் அதே விதிகள்தான். அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்கீ பூட்ஸோடு பிறந்தவர் அல்லவா.

அடுத்தது, "இவர்கள் காசு செலவழிப்பதில்லை, பஸ்ஸில் வந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்." இதைச் சொல்கிறவர் ஒரு தரம் யுங்ஃப்ராயோக் மலை ரயில் டிக்கெட்டை முழு விலை கொடுத்து வாங்கிப் பார்க்கட்டும். ஒரு ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். 1912-இல் முழுதாகத் திறந்த ரயில் அது, 3454 மீட்டருக்கு ஏறுகிறது. 2015-இல் முதல் தடவையாக ஒரே வருடத்தில் பத்து இலட்சம் பேரைத் தாண்டியது. அதில் ஸ்கீ ஓடுகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஆசியாவிலிருந்து பனி பார்க்க வருகிற சனம். அந்த ரயில் கம்பனிக்கு ஸ்கீ லிஃப்டுகளைவிட இந்தப் "படம் எடுக்கிறவர்களால்"தான் கூட வருமானம். மேலே இந்திய உணவகமும் கொரியன் கப் நூடுல்ஸும் தர்மத்துக்கு வைத்ததில்லை. அந்த மலையடி ஊரான இன்டர்லாக்கனில் ஹிந்திப் பட இயக்குநர் யாஷ் சோப்ராவுக்கு 2016-இல் சிலை வைத்தார்கள். டிட்லிஸ் மலை உச்சியில் ஹிந்திப் பட ஜோடிக்கு அட்டை உருவம் நிற்கிறது. சிலை வைத்துக் கூப்பிடுவார்கள், வந்தால் வீடியோ எடுத்துச் சிரிப்பார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை என்று எழுத வந்துவிடாதீர்கள். தெரியும்.

இந்த மலைகளில் ஆக்கள் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். குளிர்கால விளையாட்டை இங்கே வளர்த்ததில் ஆங்கிலேயருக்குப் பெரிய பங்கு. 1922-இல் மியூரன் என்ற சுவிஸ் மலையூரில் ஸ்லாலம் (கம்புகளுக்கு நடுவால் வளைந்து ஓடுகிற) ஸ்கீ போட்டிக்கு விதி வகுத்தவர் ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர். அதே நாட்டு விருந்தாளிகள் 2020 டிசம்பரில் வெர்பியே என்ற சுவிஸ் ஸ்கீ ஊரில் கொரோனா தனிமைப்படுத்தலிலிருந்து இரவோடு இரவாக நழுவியபோது என்னவெல்லாம் எழுதினார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் ஜெர்மன்காரரைப் "பீஃப்கே" என்று நக்கலடிப்பார்கள். ஆனால் 1933-இல் ஹிட்லர் அரசு ஆஸ்திரியாவுக்குப் போகிற ஒவ்வொரு ஜெர்மன்காரரும் 1000 மார்க் கட்ட வேண்டும் என்று தடை போட்டபோது ஹோட்டல்கள் காலியாகி அழுததும் அதே திரோல்தான். பிரான்சின் கூர்ஷெவெலில் ரஷ்யர்கள் ஷம்பெயினை ஊற்றுகிறார்கள் என்று முகம் சுளித்தார்கள். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அவர்கள் வரவு பெரிதும் குறைந்துபோனது. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் சுவிஸ் தேசிய வங்கி வைத்திருந்த எல்லையை 2015 ஜனவரியில் எடுத்ததும் பிராங் ஏறி, ஜெர்மன்காரருக்கு விலை கட்டுபடியாகாமல் போனது. இப்போது அமெரிக்கர் முன்னைவிட அதிகமாக வருகிறார்கள். அங்கே வெய்ல் (Vail) என்ற ஸ்கீ ஊரில் ஒரு நாள் டிக்கெட் 300 டொலரைத் தாண்டிவிட்டது, இங்கே அதில் பாதிகூட இல்லை. அமெரிக்கர் சத்தமாகக் கதைக்கிறார்கள் என்று இப்போதே முணுமுணுப்பு. பாருங்கள், அடுத்த வீடியோ அவர்களுடையது. என்ன, அதற்கு எங்கட ஆக்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஆஸ்திரியாவின் செல் அம் சேயில் 2014-இல் அரபு விருந்தாளிகளுக்கு ஒரு கையேடு அடித்தார்கள். ஹோட்டல் அறையில் தரையில் இருந்து சாப்பிடாதீர்கள், கடையில் பேரம் பேசாதீர்கள் என்று. கண்டனம் வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2024 பெப்ரவரியில் சுவிஸின் டாவோசுக்குப் பக்கத்து மலையொன்றில் யூதர்களுக்கு ஸ்லெட்ஜ் வாடகைக்கு இல்லை என்று ஹீப்ரு மொழியில் அறிவிப்பு ஒட்டினார்கள். பொலிஸ் விசாரணை வரை போனது. காரணமாகச் சொன்னது, ஸ்லெட்ஜ் திருட்டுப் போகிறதாம். ஸ்லெட்ஜ் திரும்ப வரவில்லை என்றால் அதற்கு வழி எந்த வாடகைக் கடைக்காரருக்கும் தெரியும். ஒவ்வொரு ஸ்லெட்ஜுக்கும் நம்பர் அடி, வைப்புப் பணம் வாங்கு, அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுது, எங்கே எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதைப் படமாகவே ஒட்டு. இதில் எங்கே வருகிறது மதமும் நாடும்?

"நீ நிறத்தைப் பார்த்து வக்காலத்து வாங்குகிறாய்" என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 80-களில் பேர்ன் ஸ்டேசனில் லெதர் ஜாக்கெட்டோடு நின்ற எங்கட பெடியளை ஹெரோயின் விற்கிறவர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெடியள்தான் இதே மலை ஹோட்டல்களின் சமையலறைகளில் கோப்பை கழுவினார்கள். மேலே விருந்தாளி பனியில் விளையாட, கீழே ஜன்னல் இல்லாத அறையில் கொதிக்கிற தண்ணீர். அந்தக் கைகளால் வளர்ந்த பிள்ளைகள் இன்று பள்ளிக்கூட ஸ்கீ லாகருக்கு (ஸ்கீ முகாமுக்கு) போய் வளைந்து வளைந்து ஓடுகிறார்கள், நல்லது. உங்களில் பலர் இன்னும் ஒரு தரமும் ஸ்கீயில் ஏறியதில்லை. நீங்களா அந்த மனுசனைப் பார்த்துச் சிரிப்பது? அவர் விழுந்ததாவது விழுந்தார்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். அந்த வீடியோவில் இரண்டு பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிகிறது. சுவிஸ் சிவில் சட்டம் 28ஆம் பிரிவின்படி ஒருவருக்குத் தன் படத்தின் மேல் உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் போட்டால் வழக்கு வைக்கலாம். "நான் எடுக்கவில்லை, பகிர்ந்ததுதான்" என்பது தப்பும் வழியில்லை. பகிர்ந்தவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.