பற்றரி சைக்கிளும் சைக்கிள்தான்

ஞாயிற்றுக்கிழமை எங்கட சைக்கிள் குழுவில ஒரு படம் போட்டனான். பிரான்சின்ர அல்சாஸ் பக்கம், எகிஷைம் எண்ட ஊரில இருந்து மாமா பற்றரி சைக்கிளில மலை ஏறுற படம். அதுக்குக் கீழ வந்த கருத்துகள் எல்லாருக்கும் தெரியும். கிளற வேண்டாம் எண்டு பொறுத்துப் பாத்தன். முடியேல்லை. "மோட்டர் பூட்டின சைக்கிளில மலை ஏறினதுக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம், ஸ்கூட்டரில போயிருக்கலாமே" எண்டு எழுதினவர் எங்களோட சேர்ந்து ஓடுற ஒருத்தர். பெயர் வேண்டாம். அதுக்குச் சிரிப்புக்குறி போட்டவையில பாதிப்பேர் மாமா வீட்டில சாப்பிட்டவை. எனக்கு அதுதான் கூட நோகுது.

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். நான் ஓடுறது மோட்டர் இல்லாத றோட் பைக். எனக்காக நான் வாதாடேல்லை. பற்றரி சைக்கிளும் சைக்கிள்தான் எண்டு மட்டும்தான் சொல்லுறன். உழக்காமல் அது ஓடாது. பிரான்சில சட்டமே அப்பிடித்தான் இருக்கு. மோட்டர் 250 வாட்டுக்கு மேல போகேலாது, நீங்கள் உழக்கினால்தான் உதவும், மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டவுடன உதவி நிண்டுபோகும். அதுக்கு மேல அந்தப் பாரமான வண்டியை உங்கட காலாலதான் தள்ளவேணும். சமதரையில எங்கட பெடியள் 30இல இழுத்துக்கொண்டு போகேக்க மாமா பின்னால விடாமல் வந்தவரெண்டால், அது மோட்டர் இல்லை, அவற்ற கால். ஸ்கூட்டரில ஆர் உழக்கிறவை?

அந்தப் பக்கம் ஓடாதவைக்கு விளங்காது. அல்சாஸ் வைன் பாதை 1953இல திறந்தது, கிட்டத்தட்ட 170 கிலோமீற்றர். வரைபடத்தில பாத்தால் சமதரை மாதிரித் தெரியும். ஒரு பக்கம் வோஜ் மலை, மற்றப் பக்கம் ரைன் சமவெளி, ரெண்டுக்கும் நடுவில வைனுக்கு நட்ட முந்திரிகைத் தோட்டம், திராட்சைதான். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு ஏற்றம் இருக்கு. ரீஸ்லிங் எண்ட வெள்ளை வைன் திராட்சை நல்லாப் பழுக்க வெய்யில் வேணும். தெற்குப் பாத்த செங்குத்துச் சரிவுதான் வெய்யிலைக் கூடப் பிடிக்கும். அதால அந்தக் காலத்துத் தோட்டக்காரர் சரிவாத் தேடித்தேடிக் கொடி நட்டிருக்கினம். நீடர்மோர்ஷ்வீருக்கு மேல இருக்கிற சோமர்பேர்க் தோட்டத்தில நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தத் தோட்டங்களுக்கு டிராக்டர் போகப் போட்ட ஒடுங்கின றோட்டுகள்தான் எங்கட பாதை. நிழலும் இல்லை. மழை மேகத்தை வோஜ் மறிச்சு வைக்கிறதால, அங்க இருக்கிற கொல்மார் பட்டணம் பிரான்சிலேயே மழை குறைஞ்ச இடங்களில ஒண்டு. கோடையில அந்த வெக்கைக்குள்ள, எகிஷைமில இருந்து மேல இருக்கிற ஹுசரன் ஊருக்கு, மூண்டு கோட்டைக் கோபுரமும் தெரியத் தெரிய மாமா இறங்காமல் ஏறினவர். அதைத்தான் நான் படமாப் போட்டனான்.

அவருக்கு ரெண்டு முழங்காலும் சரியில்லை. ஏன் சரியில்லை? இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல சுவிஸில, பாசல் நகரத்தில ரெஸ்ரோறன்ட் குசினியில நிண்டவர். பாத்திரம் கழுவத் தொடங்கி, சமையலுக்கு வந்து, இரவு பன்னிரண்டு மணிக்கு நிலம் கழுவிப்போட்டு வீட்டுக்கு வந்தவர். ஓடக்கூடாது, படி கூட ஏறக்கூடாது, சைக்கிள் உழக்கலாம் எண்டு டொக்டர் சொல்லித்தான் இதை வாங்கினவர். அதுவும் பிள்ளையள் வற்புறுத்தினபிறகு.

அந்த மனிசனுக்கோ சைக்கிள் எண்டால் என்னெண்டு சொல்லிக் குடுக்கிறியள்? 90களில பொருளாதாரத் தடைக்குள்ள, பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில வளர்ந்த ஆள். ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள், கலியாண வீட்டுக்கும் சைக்கிள். 1995 ஒக்டோபர் 30 இரவு சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பக்கமா வெளிக்கிடேக்க, அம்மம்மாவைக் கரியரில இருத்தி, ஹான்டிலில ரெண்டு பக்கமும் பை கொழுவி, ஏறி உழக்க இடமில்லாமல் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போனவர். அண்டைக்கு அவரிட்ட ஆரும் சராசரி வேகம் கேக்கேல்லை.

"அது வேற, இது விளையாட்டு" எண்டு சொல்லுவியள். சரி, விளையாட்டைப் பற்றியே கதைப்பம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியைத் தொடக்கின ஹென்றி டெக்ரான்ஜுக்கு கியர் எண்டாலே பிடிக்காது. உடம்பாலதான் வெல்லவேணும், இயந்திரத்தால இல்லை எண்டது அவற்ற கட்சி. 1903இல தொடங்கின போட்டியில 1937 வரைக்கும் வீரர்கள் கியர் மாத்தும் பொறி பூட்ட விடேல்லை. மலை அடிவாரத்தில இறங்கி, பின் சில்லைக் கழட்டித் திருப்பிப் பூட்டி, மற்றப் பக்கத்துப் பல்லுச்சக்கரத்தில சங்கிலியைப் போட்டுத்தான் ஏறினவை. இண்டைக்கு நீங்கள் பன்ரண்டு கியரோட, காபன் வண்டியில, பின்னால பெரிய பல்லுச்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு ஏறுறியள். டெக்ரான்ஜ் இருந்தால் உங்களையும் சைக்கிள்காரர் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டார். அதோட, அந்தக் கருத்தை எழுதினவற்ற கியர் மாறுறதே பற்றரியில. விரலால ஒரு பொத்தானை அமத்தினால் சின்ன மோட்டர் ஒண்டு சங்கிலியை நகர்த்தும். அது பரவாயில்லையாம். முழங்கால் போன மனிசனுக்கு மோட்டர் உதவினால் மட்டும் ஆரவாரமாம்.

ஏமாத்து எண்டு ஒருத்தர் எழுதியிருந்தவர். ஏமாத்து எது எண்டு எனக்குத் தெரியும். 2016இல பெல்ஜியத்தில சேத்திலயும் புல்லிலயும் ஓடுற சைக்குளோகுரொஸ் உலகப் போட்டியில இளம் வீராங்கனை ஒருத்தியின்ர வண்டிக்குள்ள ஒளிச்சு வைச்ச மோட்டரைப் பிடிச்சு, ஆறு வருசம் தடை போட்டவை. அது ஏமாத்து. ஒளிச்சது, போட்டியில ஒளிச்சது. மாமாவின்ர பற்றரி ஊருக்கே தெரியிற மாதிரி வண்டியின்ர பிரேமில இருக்கு. அவர் ஆரோட போட்டி போட்டவர்? ஆற்ற பரிசைப் பறிச்சவர்?

பற்றரி சுற்றாடலுக்குக் கூடாது எண்டதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை. அதை எழுதினவர் காருக்கு மேல சைக்கிளைக் கட்டிக்கொண்டு கொல்மாருக்கு வாறவர். நாங்கள் பாசலில இருந்து கோச்சியில சைக்கிளை ஏத்திக்கொண்டு வாறனாங்கள்.

இறக்கத்தில ஆபத்து எண்டு எழுதியிருந்தால் அது மட்டும் நியாயமான கதை. வண்டி பாரம், வயசான ஆக்கள், தோட்ட றோட்டில வளைவு கண்ணுக்குத் தெரியாது, அறுவடைக் காலத்தில திராட்சை ஏத்தின டிராக்டர் எதிரில வரும். பிறேக் பிடிக்கப் பழகவேணும். அதைச் சொல்லிக் குடுங்கோ, நானும் வாறன். ஆனால் நீங்கள் எழுதினது அதைப் பற்றியில்லை. இறக்கத்தில கவனம் மாமா எண்டு ஒருத்தரும் எழுதேல்லை.

"பகிடிக்குத்தானே எழுதினது, ஏன் இவ்வளவு கோபம்?" எண்டும் ஒரு தகவல் வந்தது. பகிடி எண்டால் மாமாவும் சிரிச்சிருக்கவேணும். அவர் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி எனக்கு அழைப்பு எடுத்தவர். "பிள்ளை, நான் ஆக்களுக்கு இடைஞ்சலோ?" எண்டு கேட்டவர். மாமா ஒருநாளும் அப்பிடிக் கேக்கிற ஆள் இல்லை.

எங்கட தலைமுறைக்கு இது விளங்குதில்லை. சுவிஸ்காரக் கிழவர்கள், எழுபது தாண்டினவை, மனிசியோட பற்றரி சைக்கிளில வந்து அல்சாஸில ரிக்வீர் ஊர் வாசலில நிண்டு கோப்பி குடிக்கினம். அவையைப் பாத்து நாங்கள் "என்ன உற்சாகம்" எண்டு சொல்லுறம். எங்கட ஆக்கள் வந்தால் சிரிப்புக்குறி. எங்கட பெரியாக்கள் இந்த நாட்டுக்கு வந்து குசினி, துப்பரவு வேலை, கோயில், கலியாண மண்டபம் இதைத்தவிர வேற இடம் கண்டது குறைவு. ரயிலில ஒரு மணித்தியாலத்துக்குள்ள இருக்கிற அல்சாஸை மாமா இவ்வளவு காலமும் பாத்ததில்லை. முதல்முதலா முந்திரிகைக் கொடியைக் கண்டிட்டு, "எங்கட ஊரில பந்தலில விடுறது, இஞ்ச வரிசையில நட்டுக் கம்பியில கட்டியிருக்கிறாங்கள்" எண்டு இறங்கி நிண்டு தொட்டுப் பாத்தவர். எகிஷைமுக்குள்ள வட்டம் வட்டமாப் போற கல்லு ஒழுங்கையில எல்லாரும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனனாங்கள். அங்க ஆற்ற வண்டியில மோட்டர் எண்டு ஆரும் பாக்கேல்லை.

அதே பாதையில ஹுனாவீர் எண்ட ஊரில தோட்டத்துக்கு நடுவில, கோட்டை மாதிரி மதில் சுத்தின பழைய தேவாலயம் இருக்கு. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்துக்காரரும் அதே கட்டடத்தைத்தான் பகிர்ந்து வழிபடுகினம். ஒருகாலத்தில ஒருத்தரை ஒருத்தர் வெட்டின ஆக்கள். எங்களுக்கு ஒரு றோட்டைப் பகிர ஏலாமல் கிடக்கு.

அந்தப் படத்தை அழிக்கமாட்டன். மாமாவுக்கும் சொல்லிப்போட்டன்.

அடுத்த ஓட்டம் கொல்மார் ஸ்ரேசனில இருந்து ரிபோவிலே வரைக்கும். எந்தச் சைக்கிள் எண்டாலும் கொண்டு வாங்கோ. பற்றரிக்காரர் முதல்நாள் இரவே சார்ஜ் போடுங்கோ. மெதுவா வாற ஆளுக்காக ஒவ்வொரு ஊர் வாசலிலையும் நிப்பம். அந்தக் கருத்தை எழுதினவரும் வரலாம், நான் மறிக்கேல்லை. வந்தால் முதல் மாமாவிட்டப் போய்க் கதைக்கவேணும். அதுக்குப் பிறகு உழக்குவம்.