கடல் குகைக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்

(கடலூர் முதுநகரில் ஒரு டிராவல்ஸ் கடை. பேர் நமக்கெதுக்கு. ஒரு மேசை, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, போன வருஷக் காலண்டர். மேசைக்குப் பின்னால் குமரேசன். வேனுக்கு கைடு அவர்தான், டிரைவர் வராத நாளில் டிரைவரும் அவர்தான். உள்ளே வருகிறார் தேவனாம்பட்டினத்து மீன்கார மங்கா. கையில் நாலாக மடித்த மஞ்சள் நோட்டீஸ்.)

மங்கா: தம்பி, இதை உரக்கப் படி.

குமரேசன்: உக்காருங்கக்கா. டீ சொல்லட்டுமா?

மங்கா: டீ அப்புறம். படி.

குமரேசன்: "ஒரே நாளில்! கடலோரப் பூந்தோட்டம், சரித்திர நகரங்கள், கடல் குகை! கைடு உண்டு. மதியம் மீன் சாப்பாடு. ஆளுக்கு 900 ரூபாய் மட்டும்."

மங்கா: அந்த 900 ரூபாய் மட்டும்தான் நோட்டீஸ்ல இருக்கறபடியே நடந்துச்சு. எங்கிட்ட மீன் வாங்கறவ செவுளைத் தூக்கிப் பாக்காம காசை எடுக்க மாட்டா. நாப்பது வருஷம் மீன் வித்தவ நான். உன் நோட்டீசுக்குச் செவுள் எங்க இருக்குன்னு தெரியாம பன்னெண்டு பேருக்குக் காசு கட்டிட்டேன்.

குமரேசன்: நீங்கதானக்கா தேடி வந்தீங்க. மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் போட்டெல்லாம் கரையில கெடக்குது, நாலு இடம் பாக்கணும்னு.

மங்கா: பாக்கணும்னுதான் சொன்னேன். ஏமாறணும்னு சொல்லல. மொதல்ல பூந்தோட்டம். கடல் எங்க?

குமரேசன்: பாண்டி பொட்டானிக்கல் கார்டன்க்கா அது. 1826ல பிரெஞ்சுக்காரன் போட்டது. எங்கெங்க இருந்தோ செடி கொண்டாந்து...

மங்கா: தோட்டத்தை நான் குத்தம் சொல்லல. நெழலு நல்லா இருந்துச்சு, எங்க ஆளுங்க பாதி பேரு தூங்கிட்டாளுங்க. கடல் எங்க?

குமரேசன்: வெளிய வந்து கெழக்கால நடந்தா கடல்தான்.

மங்கா: திருவண்ணாமலையில இருந்து கெழக்கால நடந்தாலும் கடல்தான். அதையும் கடலோரம்னு போடுவியா?

குமரேசன்: (டீ சொல்கிறார்.)

மங்கா: அடுத்தது அந்த அரிக்கமேடு. சரித்திரம், சரித்திரம்னு வேகாத வெயில்ல நடத்திக் கூட்டிட்டுப் போன. அங்க செங்கல்லும் புல்லும்தான் இருக்குது.

குமரேசன்: மேல ஒண்ணும் இருக்காதுக்கா. எல்லாம் மண்ணுக்குள்ள. 1945ல வீலர்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்டினாரு. ரோமாபுரி ஜாடி கெடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி கப்பல்ல ஒயின் வந்த ஜாடி.

மங்கா: பாண்டிக்கா?

குமரேசன்: பாண்டிக்குத்தான்.

மங்கா: அப்பவேவா! எங்க வீட்டு ஆளை இத்தினி நாளா சும்மா திட்டிட்டேன். பரம்பரை வழக்கம் போல.

குமரேசன்: ஒயின் மட்டுமில்லக்கா. மீனை உப்புல ஊற வெச்சு எடுத்த சாறு, அதையும் ஜாடியில கொண்டாந்திருக்கான்.

மங்கா: மீனா? நம்ம கரைக்கு? மீனைக் கொண்டாந்து நம்மகிட்டயே வித்தானா?

குமரேசன்: ஆமாக்கா.

மங்கா: யாவாரின்னா அவன்தான்டா. உனக்கு மூதாதையா இருப்பான். (டீ வருகிறது. ஊதிக் குடிக்கிறார்.) சரி, அதை உடு. சரித்திர நகரம்னு சொல்லி மத்தியானம் வேனை எங்க நிறுத்தின?

குமரேசன்: (மெதுவாக) தேவனாம்பட்டினம்.

மங்கா: யார் ஊரு அது?

குமரேசன்: உங்க ஊருதான். ஆனா செயின்ட் டேவிட் கோட்டைக்கா! சென்னையை பிரெஞ்சுக்காரன் புடிச்சப்போ, 1746ல இருந்து கொஞ்ச வருஷம் வெள்ளைக்காரனுக்குத் தென்னாட்டுத் தலைமையிடமே அதான். கிளைவ் இருந்த எடம்.

மங்கா: கோட்டை எங்க?

குமரேசன்: 1758ல பிரெஞ்சுக்காரன் புடிச்சு இடிச்சுட்டான்.

மங்கா: இடிச்சுட்டான்ல? அந்த மிச்சச் செவுத்துக்கிட்டதான் எங்க ஆட்டைக் கட்டறோம். 900 ரூபாய் குடுத்து, வேன்ல ஏறி, பாண்டியெல்லாம் சுத்தி வந்து எறங்கிப் பாக்கறேன், எங்க ஆடு என்னைப் பாத்துக் கத்துது. மருமவ ஓடியாந்து, "இன்னா அத்தே, எதுனா மறந்துட்டீங்களா?"ன்னு கேக்கறா. கேட்டதோட வுட்டாளா? காயப்போட்ட கருவாட்டை அள்ளி வெச்சுட்டுப் போங்கன்னுட்டா. டூர் வந்தவ டூர் நடுவுல கருவாடு அள்ளினேன்டா!

குமரேசன்: அதை போட்டோ கூட எடுத்தேன்க்கா. நல்லா வந்திருக்கு.

மங்கா: அழி. சாப்பாட்டுல போட்ட மீனும் அந்தக் கோட்டையோட வயசுதான். 1758ல ஐஸ்ல வெச்சது.

குமரேசன்: தடைக்காலம்க்கா, நல்ல மீனு எங்க கெடைக்குது? ஆனா குண்டு கதை சொன்னனே, அது புடிச்சிருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க.

மங்கா: அது நல்ல கதைதான். திருப்பிச் சொல்லு, பேத்திகிட்ட சொல்லணும்.

குமரேசன்: 1690ல வெள்ளைக்காரன் மராட்டியர்கிட்ட கோட்டையை வாங்கறான். சுத்தி எவ்வளவு நெலம்னு கணக்கு? கோட்டையில இருந்து பீரங்கி வெடிக்கறது, குண்டு எங்க போய் விழுதோ அது வரைக்கும் அவனுக்கு. நாலா பக்கமும் சுட்டான். உள்ள வந்த ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரு.

மங்கா: குண்டு உப்பலவாடி அப்படித்தானா! என் நாத்தனாரை அங்கதான் குடுத்திருக்கு. அவ ஒடம்பைப் பாத்து வெச்ச பேருன்னு இருந்துட்டேன். (சிரிக்கிறார். சட்டென்று நிறுத்துகிறார்.) நீயும் அதே ஆளுதான். வாய் போய் விழுந்த எடம் வரைக்கும் நோட்டீஸ் அடிச்சிருக்க.

குமரேசன்: அக்கா...

மங்கா: இன்னொண்ணு. கிளைவ், கிளைவ்னு பத்து வாட்டி சொன்ன. இதே முதுநகர்ல பொறந்தவங்க அஞ்சலையம்மா. 1927ல மெட்ராஸ்ல நீல்னு ஒரு வெள்ளைக்காரத் தளபதியோட சிலையை எடுன்னு போராடி, மகளையும் கூட்டிட்டு ஜெயிலுக்குப் போனவங்க. அவங்க பேரு உன் வாயில ஏன் வரல?

குமரேசன்: (பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்.) அடுத்த வாட்டி சொல்லிடறேன்க்கா.

மங்கா: பரங்கிப்பேட்டையில வேன் நிக்கவே இல்ல.

குமரேசன்: ஹைதர் அலிக்கும் வெள்ளைக்காரனுக்கும் 1781 ஜூலை 1ஆம் தேதி சண்டை. அந்தச் சண்டையே ஒரு நாள்ல முடிஞ்சுடுச்சு. நமக்கு அஞ்சு நிமிஷம் போதாதா?

மங்கா: போதும் போதும். இப்போ குகைக்கு வா.

(குமரேசன் பிஸ்கட் பாட்டிலைத் தள்ளி வைக்கிறார். மங்கா அதைப் பார்க்கவில்லை, ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்.)

மங்கா: குகைன்னா பாறை வேணும். அலை வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு அதைக் கொடையணும். நம்ம கரை பூரா மணலு, அதைத் தாண்டினா சேறு. அலை எதைக் கொடையும்? கடலூர்க் கடல்ல கல்லு வந்த கதை ஒண்ணே ஒண்ணுதான். அப்பர் சாமியைக் கல்லோட கட்டிப் போட்டாங்க, அது மெதந்து வந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு கல்லும் வரல.

குமரேசன்: மாமல்லபுரத்துக்கிட்ட புலிக்குகை இருக்குதுக்கா, கடல் பக்கத்துலயே...

மங்கா: அது பல்லவன் உளியால செதுக்கினது. அங்கயும் நீ கூட்டிட்டுப் போகல.

குமரேசன்: டீசல் கட்டாதுக்கா. உண்மையைச் சொல்லிடறேன். எங்க ஓனர் இத்தாலி போயிட்டு வந்தாரு. அங்க கேப்ரின்னு ஒரு தீவு, கடலுக்குள்ள நீலக் குகை. வாசல் அவ்ளோ தாழ்வு, படகுல மல்லாந்து படுத்துக்கிட்டுத்தான் உள்ள போகணுமாம். அந்த ஊரு டூர் நோட்டீஸை எடுத்தாந்து, இதே மாதிரி அடின்னாரு. நானும் பிச்சாவரத்துல குனிஞ்சுதானே போறோம்னு...

மங்கா: சுரபுன்னைக் காட்டைக் குகைன்னு போட்டுட்ட.

குமரேசன்: உள்ள இருட்டா இருந்துச்சா இல்லையா?

(மங்கா பதில் சொல்லவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார். பாதி உடைந்து உள்ளே விழுகிறது.)

மங்கா: இருட்டாத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வேரு நண்டுக்கால் மாதிரி முட்டி போட்டு நிக்குது. படகுக்காரன் துடுப்பை உள்ள வெச்சுட்டு, வேரைப் புடிச்சுப் புடிச்சு இழுக்கறான். தில்லை மரத்துப் பக்கம் கை நீட்டாதீங்க, பாலு கண்ணுல பட்டா எரிஞ்சு போயிடும்னான். கொண்டையில ஒரு விழுது மாட்டி, எடுக்கறதுக்குள்ள ஒரு குட்டி நண்டு தோள்ல எறங்கிப் போவுது. பன்னெண்டு பொம்பளைங்க, ஒருத்தி வாயத் தொறக்கல. எங்க குழு மீட்டிங்ல அப்படி ஒரு நிமிஷம் பாத்ததில்ல.

குமரேசன்: நல்லாத்தானே இருந்திருக்கு?

மங்கா: டேய், நான் கரையில பொறந்து கரையிலயே வாக்கப்பட்டவ. படகு தள்ளியிருக்கேன், மீனு எறக்கியிருக்கேன். ஏறினதில்ல. பொம்பள ஏறக் கூடாதும்பாங்க. மொத மொத ஏறினது உன் நோட்டீஸாலதான்.

குமரேசன்: அப்போ அந்தக் குகைக்கு ஆளுக்கு 50 ரூபாய் நீங்கதான் சேத்துக் குடுக்கணும்.

மங்கா: குடுக்கலாம்தான். ஆனா குடுக்க மாட்டேன். ஆளுக்கு 50, பன்னெண்டு பேருக்கு 600. எடு.

குமரேசன்: (டிராயரைத் திறந்து எண்ணுகிறார்.) 500 இருக்குக்கா.

மங்கா: மிச்சத்துக்கு இந்த பிஸ்கட். இப்ப அடுத்த டூருக்கு வா. ஞாயித்துக்கெழம, இருவது பேரு. எங்க தெருவும் அடுத்த தெருவும்.

குமரேசன்: (முகம் மலர்ந்து) அக்கா! இனிமே பொய்யே கெடையாது. இதோ, நோட்டீஸ்ல கடல் குகையை அடிச்சு எடுத்துடறேன்.

மங்கா: அய்யய்யோ, பேனாவைக் கீழ வை! அதுக்குத்தான்டா அந்த இருவது பேரும் வராளுங்க.

குமரேசன்: குகைக்கா?

மங்கா: ஏமாந்துட்டு வந்தேன்னு தெருவுல சொல்ல முடியுமா? மருமவ வேற கருவாட்டுக் கதையை ஊரு பூரா சொல்லிட்டா. குகையைப் பாத்தேன், நம்ம மாரியம்மன் கோயில் அளவு இருக்குன்னு சொல்லிட்டேன்.

குமரேசன்: சரி, சமாளிச்சுக்கலாம்.

மங்கா: உள்ள வௌவால் தொங்குதுன்னும் சொல்லிட்டேன்.

குமரேசன்: வௌவாலா? அதுக்கு நான் எங்கக்கா போவேன்?

மங்கா: கைடு உண்டுன்னு போட்டிருக்கல்ல? ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.