அது ராஜா இல்லை, ஜேட் கல்

பந்து, முத்து, நியாயம் ஆகிய சீனச் சொற்களின் எழுத்தில் இடப்பக்கம் 'அரசன்' இருக்கிறது, அதனால் சீனர்களுக்கு எல்லாமே ராஜாவின் சொத்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. பார்வைக்கு 'வாங்' (王, அரசன்) மாதிரி இருந்தாலும் அது 'யூ' (玉), அதாவது ஜேட் என்ற மணிக்கல். ஜேட் துண்டுகளை நூலில் கோத்த படம்தான் அந்த மூன்று கோடும் நடுவில் இறங்கும் குச்சியும். முத்திரை எழுத்து என்ற பழைய சீன எழுத்து வடிவில் ஜேடுக்கு மூன்று கோடும் சம இடைவெளியில் இருக்கும், அரசனுக்கு நடுக்கோடு கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். இந்த மயிரிழை வித்தியாசத்தை எத்தனை நாள்தான் கண்ணால் பிடிப்பது, அப்புறம் தனியாக வரும் ஜேடுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டார்கள். இன்னொரு எழுத்துக்கு இடப்பக்கம் ஒட்டி வரும்போது மட்டும் புள்ளி கிடையாது. குழப்பம் அங்கேதான்.

நியாயம், ஒழுங்கு என்று பொருள்படும் 'லி'க்கு, கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதி தரும் பொருளே ஜேடைப் பண்படுத்துவதுதான். வகுப்பைக் குறிக்கும் 'பான்' இன்னும் அழகு: இரண்டு ஜேட், நடுவே ஒரு கத்தி. கல்லைப் பங்கு போட்ட சொல்தான் இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பிரிக்கிறது.